அய்யாக்கண்ணு வீட்டு வெறுங்கூடம்

"ஐயோ, போச்சே! வூட்டையே வழிச்சு வாரிக்கிட்டுப் போயிட்டானுவளே!"

அய்யாக்கண்ணு வாசற்படியில் ஒரு காலும் கூடத்தில் ஒரு காலுமாக நின்று போட்ட சத்தத்தில், தெருக்கோடியில் மாடு கழுவிக்கொண்டிருந்தவன்கூட வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

சத்தம் போடாமல் என்ன செய்வார் மனுஷன்? முந்தாநாள் அரியலூருக்குப் போகக் கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறும்போது நிறைந்த வீடாகத்தான் விட்டுவிட்டுப் போனார். கூடத்து மூலையில் ஆள் உயர நெற்குதிர் இருந்தது. நடுவில் ஊஞ்சல் தொங்கியது. சுவரோரமாக டிரங்குப் பெட்டிகள், பெட்டிமேல் அண்டா, அண்டாவுக்குள் குண்டான், குண்டானுக்குள் போன வருஷத்துப் புளி. இன்னொரு ஆணி அடிக்க இடமில்லாமல் சுவர் முழுக்கச் சாமி படங்கள். தா.பழூர் பக்கத்தில் நாலு காணி நிலம் வைத்திருக்கிறவன் வீடு எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் இருந்தது.

இப்போது ஒன்றுமே இல்லை. புதுச் சுண்ணாம்பு அடித்த நாலு சுவரும் கண்ணைக் கூச வைத்தன. நடுவில் ஒரு முக்காலி. மூலையில் ஒரு மண்கூஜா, அதில் ஒரே ஒரு நாணல் தட்டை. கொள்ளிடக் கரையில் ஆடு மாடுகூடச் சீண்டாமல் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறதே, அதே நாணல்.

"எல்லாத்தையும் எடுத்தவன் நாணலை எதுக்கு வச்சுட்டுப் போனான்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அடையாளத்துக்கு வச்சிருப்பான். பெரிய கொள்ளைக்காரனா இருப்பான்" என்றாள் எதிர்வீட்டுக் குஞ்சம்மாள். ஊரில் என்ன நடந்தாலும் அதற்கு ஒரு காரணம் வைத்திருப்பவள் அவள்.

அந்த நேரம் பார்த்துக் கொல்லைப் பக்கமிருந்து, கையில் சுண்ணாம்பு மட்டையோடு அய்யாக்கண்ணுவின் மகன் குழந்தைவேல் வந்தான்.

"அப்பா, சத்தம் போடாதீங்க. நான்தான் எடுத்தேன்."

"நீயாடா? சொந்த வூட்டுலயேவா?"

"திருட்டு இல்லப்பா. இது மாடர்ன்."

அய்யாக்கண்ணு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். வேறு உட்கார இடமும் இல்லை.

குழந்தைவேலுவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மெட்ராஸில் ஒரு எஞ்சினீயர் ஆபீஸில் அவனுக்கு வேலை. ஊரில் அவனையே எஞ்சினீயர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் எஞ்சினீயர் போட்ட பிளானுக்கு நகல் எடுப்பதும், அவருக்குப் பென்சில் சீவிக் கொடுப்பதும்தான் அவன் பார்த்த வேலை. அந்த எஞ்சினீயர் பணக்காரர்களுக்குப் புதுமாதிரி பங்களா கட்டுகிறவர். தூண் கிடையாது, பூ வேலைப்பாடு கிடையாது, சுவரில் ஒரு படம் கிடையாது. அறைக்கு ஒரு நாற்காலி, ஒரு பூச்சாடி. 'சாமான் குறையக் குறைய வீடு பெரிசாகும்' என்பார். குழந்தைவேல் அதை வேதமாக எடுத்துக்கொண்டான்.

வேதமாக எடுத்துக்கொண்டது மெட்ராஸோடு நின்றிருக்கும், லீலாவதி என்று ஒருத்தி இல்லாவிட்டால்.

போன சிவராத்திரிக்குக் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்குப் போனவன், நந்திக்குப் பின்னால் நிழலுக்கு ஒதுங்கினான். நந்திக்கு முன்னால் அரியலூர்ப் பெண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி பிராகாரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எவ்வளவு பெரிய இடம், ஒரு சாமான் இல்ல பாரேன்! எங்க வூட்டுல இந்தப் பக்கம் திரும்புனா அண்டா இடிக்குது, அந்தப் பக்கம் திரும்புனா உரல் இடிக்குது. வாழ்ந்தா இப்படி ஒரு வூட்டுல வாழணும்."

அவ்வளவுதான். ஆள் விழுந்துவிட்டான். தரகரைப் பிடித்து விசாரித்தால், சாமி புண்ணியத்தில், ஒரே சாதிக்காரர்கள்தான். ஜாதகமும் பொருந்தியது. லீலாவதிக்குத் தகப்பனார் இல்லை. சித்தப்பாதான் எல்லாம். அவர் தலையை ஆட்டினால்தான் தாலி. அவருக்கு அரியலூரில் சர்க்கார் உத்தியோகம். என்ன உத்தியோகம் என்று கேட்டால் தரகர், "ஏதோ எழுதுற உத்தியோகம்" என்றார்.

அந்தச் சித்தப்பா வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகப் பேச்சு. எங்கள் பக்கத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க மாட்டார்கள். நெற்குதிரைத் தட்டிப் பார்ப்பார்கள், வைக்கோல் போரைச் சுற்றி வருவார்கள், மாட்டின் பல்லைப் பார்ப்பார்கள். குழந்தைவேலோ லீலாவதியின் வாயால் கேட்டதை மட்டும் நம்பினான். அப்பா ஊரில் இல்லாத நேரம் பார்த்துக் குதிரின் சுடுமண் உறைகளைப் பிரித்து, நெல்லை மூட்டை கட்டி, எல்லாவற்றையும் அடுத்த வீட்டுத் தாய்மாமன் செல்லக்கண்ணுவின் மாட்டுக்கொட்டகையில் கொண்டுபோய் அடைத்துவிட்டான்.

"சாமி படத்தையுமாடா?" என்று அய்யாக்கண்ணு ஈனசுரத்தில் கேட்டார்.

"ஒரு முருகன் படம் மாடத்துல இருக்குப்பா. ஒண்ணு போதும்."

"அவ எங்கடா, உங்கம்மா? அவளையும் கொட்டாயில கொண்டுபோய் வச்சுட்டியா?"

"நான் இங்கதான் இருக்கேன்" என்று அடுப்படியிலிருந்து பொன்னம்மாளின் குரல் மட்டும் வந்தது. "குத்துவிளக்கைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். எந்திரிச்சா அதையும் தூக்கிருவான். ஒத்த நாணலைக் கொண்டாந்து நட்டிருக்கான் பாருங்க! சாவு வூட்டுல கூட நாலு பூ வைப்பாங்க."

"பொன்னம்மாக்கா, பேசினா எதிரொலிக்குது உங்க வூட்டுல" என்று குஞ்சம்மாள் ஒரு தரம் "ஓ"வென்று கத்திப் பார்த்தாள். எதிரொலித்தது.

அய்யாக்கண்ணு எழுந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "டேய், நான் எதுக்கு பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தேன் தெரியுமா? வெள்ளிக்கிழமை இல்லடா! பொண்ணு வூட்டுக்காரங்க இன்னிக்கே வராங்க!"

"இன்னிக்கா?"

"இன்னிக்கேதான். தரகர் சொல்லி அனுப்பிச்சாரு. ஓடு, செல்லக்கண்ணுவைக் கூப்பிடு. குதிரைத் தூக்கு, ஊஞ்சலைத் தூக்கு—"

"இங்க அய்யாக்கண்ணுங்கறது யாருங்க?"

வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பஞ்சகச்சம், மூடிய கோட்டு, மூக்குக்கண்ணாடி. கையில் குடை, தோளில் தோல் பை. அரியலூர்க் களை முகத்திலேயே தெரிந்தது.

அய்யாக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "வாங்க, வாங்க! நான்தாங்க அய்யாக்கண்ணு. உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கோம்."

"அப்படியா? நான் வரது தெரியுமா?"

"தெரியாமங்களா! தரகர் சொன்னாரே."

"ஓகோ" என்றார் வந்தவர். "சும்மா, வூட்டை ஒரு பார்வை பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"தாராளமா பாருங்க" என்று சொல்லிவிட்டு அய்யாக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார்.

வந்தவர் உள்ளே நுழைந்தார். வலது பக்கம் பார்த்தார், சுவர். இடது பக்கம் பார்த்தார், சுவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் சுவர்தான்.

"ஒண்ணுமே இல்லியே?"

"அதாங்க அழகு!" குழந்தைவேல் முன்னால் வந்தான். இந்த நாளுக்காக எத்தனை தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு அது! "வூடுன்னா வெளிச்சமும் காத்தும்தாங்க. சாமான் எதுக்கு? மெட்ராஸ்ல, பம்பாய்ல எல்லாம் இப்ப இதுதான் பேஷன். இந்த நாணலைப் பாருங்க. ஒண்ணுதான் இருக்கு. அதனாலதான் கண்ணு அதுல நிக்குது. நூறு நாணல் இருந்தா பாப்பீங்களா?"

"நாணல் கிடக்கட்டும் தம்பி. நெல்லு எங்க?"

"நெல்லு எதுக்குங்க கூடத்துல?"

வந்தவருடைய புருவம் கண்ணாடிக்கு மேலே ஏறியது. "காவேரித் தண்ணி பாயுற ஊர்ல, குதிரு இல்லாத வூட்டை நான் இன்னிக்குத்தான் பாக்குறேன்." குடைக்காம்பால் சுவரைத் தட்டினார். தரையைத் தட்டினார். கொல்லைக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

பொன்னம்மாள் குத்துவிளக்கை விட்டுவிட்டு ஒரு சொம்பு மோரோடு வந்தாள். "வெயில்ல வந்திருக்கீங்க. ஒரு வாய் மோர் குடிங்க."

"வேணாம்மா. நான் போற இடத்துல எதையும் தொடுறது இல்ல."

அய்யாக்கண்ணு பெண்டாட்டியின் காதில் குசுகுசுத்தார். "சும்மா இரு. சம்மதம் சொல்ற வரைக்கும் பொண்ணு வூட்டுக்காரங்க கை நனைக்க மாட்டாங்க. உனக்குத் தெரியாதா?" பொன்னம்மாளுக்குத் தெரியும். அதனால்தான் அவளுக்குக் கண் கலங்கியது.

"அப்ப நான் வரேன். பக்கத்து ஊர்ல கொஞ்சம் வேலை இருக்கு" என்று வந்தவர் குடையை விரித்தார். "இப்படி ஒரு வூட்டை நான் என் சர்வீசுலயே பாத்தது இல்ல."

போகிறாரே! குழந்தைவேல் அம்மாவைப் பார்த்தான், அம்மா அப்பாவைப் பார்த்தாள். அய்யாக்கண்ணு பாய்ந்து போய்க் குடைக்கு முன்னால் நின்றார்.

"ஐயா, சாயங்காலம் திரும்பி இந்தப் பக்கமாத்தானே போவீங்க? ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. எல்லாத்தையும் காட்டுறேன்."

"எல்லாத்தையும்னா?"

"நெல்லு, பண்டம், பாத்திரம், எல்லாந்தான்!"

"அப்ப இருக்குங்கறீங்க?"

"இருக்காவா? காலு வைக்க இடம் இருக்காதுங்க! சுண்ணாம்பு அடிக்கிறதுக்காக எடுத்து வச்சிருக்கோம்."

வந்தவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா கூப்பிட்டுக் காட்டுறேன்னு சொல்றீங்க. சரி. வரேன்."

அவர் தெருவைத் தாண்டியதும் அய்யாக்கண்ணு மகனிடம் திரும்பினார். "டேய், உன் மாடர்னைத் தூக்கிக் கொல்லையில போடு. அந்தப் பொண்ணு உனக்கு வேணுமா, வேணாமா?"

"வேணும்பா."

"அப்ப தூக்குடா மூட்டையை!"

தூக்கினார்கள். செல்லக்கண்ணுவின் கொட்டகையிலிருந்து அத்தனையும் திரும்பி வந்தது. ஆனால் குதிரின் உறை ஒன்று தூக்கும்போது கைநழுவிச் சுக்குநூறானது. குதிர் இல்லாமல் நெல் மூட்டைகளை மட்டும் அடுக்கிப் பார்த்தால், அந்தப் புதுச் சுவருக்கு முன்னால் நாலு ஆடு படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

"இது பத்தாது மச்சான்" என்றார் செல்லக்கண்ணு. "காலு வைக்க இடமில்லன்னு வேற சொல்லிட்டீங்க. என் மூட்டையும் கொண்டாறேன்."

"உன்னுதையா?"

"என்னுது மட்டுமா? தெருவே தரும் பாருங்க."

தெருவே தந்தது. இவ்வளவு பரோபகாரம் அந்தத் தெருவில் எங்கே ஒளிந்திருந்தது என்று அய்யாக்கண்ணு மலைத்துப் போனார். அதற்கும் காரணம் இருந்தது. யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத வருஷம் அது. சர்க்காருக்கு அளந்து கொடுத்தது போக மிச்சம் வைத்திருந்தால் பறிமுதல், ஜெயில். ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலும் பரணிலும் வைக்கோலுக்கு அடியிலும் கொஞ்சம் பதுங்கியிருந்தது. நெல் ஆபீசர் இந்தப் பக்கம் சுற்றுகிறார், மோட்டாரில் வருவார், காக்கிக் கால்சட்டை போட்டிருப்பார் என்று தலையாரி காசிநாதன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டுக்குள் எந்த ஆபீசரும் நுழைய மாட்டான் என்பது குஞ்சம்மாளின் கண்டுபிடிப்பு.

"பொன்னம்மாக்கா, புள்ளை நல்லா இருக்கட்டும். வச்சுக்க" என்று சொல்லிச் சொல்லி அவள் மட்டும் எத்தனை மூட்டையை உருட்டிக்கொண்டு வந்தாளோ, அவளுக்கே வெளிச்சம். மூட்டையோடு அண்டாவும் வந்தது, குடமும் வந்தது. இரண்டாவதாக ஒரு ஊஞ்சலும் வந்தது. கூடம் நிறைந்து, நடை நிறைந்து, மூட்டைகள் கூரையைத் தொட்டன.

"அப்பா, அடுக்குறதுதான் அடுக்குறீங்க, ஒரே உயரமா அடுக்கி மேல ஒரு வெள்ளைத் துணி போட்டா—"

"பொணத்துக்குப் போத்துற மாதிரியா? போடா அந்தப் பக்கம்!"

குழந்தைவேல் போனான். மண்கூஜாவை வைக்க ஓர் இடம் தேடினான். கூடத்தில் இல்லை, நடையில் இல்லை, அடுப்படியில் இல்லை. கடைசியில் நாணலோடு அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

வெயில் சாய்ந்தபோது மூக்குக்கண்ணாடிக்காரர் வந்தார். தெரு முழுக்க வாசலில் கூடி நின்றது. அவர் கதவைத் திறந்தார். கதவு பாதிதான் திறந்தது. பின்னால் மூட்டை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது... காலையில நான் பாத்த வூடுதானா?"

"அதே வூடுதாங்க!" அய்யாக்கண்ணு ஒரு மூட்டைமேல் சாய்ந்துகொண்டு மீசையைத் தடவினார். "சொன்னேன்ல? காலு வைக்க இடம் இருக்காதுன்னு."

"இந்த நெல்லு பூராவும் உங்களுதா?"

"பூராவும்."

"இவ்வளவுமா?"

"இது சும்மா கைச்செலவுக்கு வச்சிருக்கறதுங்க. கொல்லையில இன்னும் கிடக்கு."

வந்தவர் ஊஞ்சலில் உட்காரப் போய், இன்னொரு ஊஞ்சல் இடித்து, மூட்டைமேல் உட்கார்ந்தார். "ரேஷன் காலமாச்சே! சர்க்கார்ல ஒண்ணும் கேக்கலியா?"

"சர்க்காரா? சர்க்காருக்கு நம்ம வூட்டுக்கு வழி தெரியுமா?" அய்யாக்கண்ணு சிரித்தார். தெருவும் கூடச் சிரித்தது. வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. கைக்கெட்டிய அண்டா ஒன்றைத் திருப்பி அதில் வெட்டியிருந்த பெயரைப் படித்தார்.

"குஞ்சம்மாள்னு போட்டிருக்கே?"

"எங்க அத்தை பேருங்க."

"இந்தக் குடத்துல செல்லக்கண்ணுன்னு இருக்கு."

"எங்க மாமா பேருங்க."

"மாரியம்மன் கோயில் உபயம்னு ஒண்ணு இருக்கே?"

அய்யாக்கண்ணு அந்தப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அது... இனிமேதாங்க கோயிலுக்குக் குடுக்கணும்."

வந்தவர் தோல் பையைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்தார். பொன்னம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கப் போகிறார் என்று அவள் அடுப்படிக்கு ஓடிக் கேசரிக்கு ரவையை வறுக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் காசிநாதன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தான். மூச்சு இரைத்தது.

"அய்யாக்கண்ணண்ணே! பொண்ணு வூட்டு வண்டி ஏரிக்கரையில அச்சு முறிஞ்சு நிக்குது. பொம்பளைங்க எல்லாம் வெயில்ல உக்காந்திருந்தாங்க. வேற வண்டி பூட்டி அனுப்பிட்டு வரேன். இப்ப வந்துருவாங்க..."

"பொண்ணு வூட்டு வண்டியா?" என்றார் அய்யாக்கண்ணு. "பொண்ணு வூட்டுக்காரர்தான் இங்கயே—"

காசிநாதன் அப்போதுதான் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தான். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். உடம்பு ரெண்டாக வளைந்தது.

"கும்பிடறேன் சார்!"

"யாருடா இவரு?" செல்லக்கண்ணு அவன் காதருகே கேட்டார்.

"நெல் ஆபீசர்!" என்றான் காசிநாதன், உதடு அசையாமல். "பக்கத்து ஊர்ல பாத்தேன். காலையிலேருந்து நடந்தே மூணு ஊரைப் புடிச்சுட்டாரு. மோட்டார் ரிப்பேராம்."

வாசலில் நின்ற கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது.

"அதான் மோரைத் தொடல!" என்று குஞ்சம்மாள் முனகினாள். "கவருமெண்டு ஆளு கை நீட்டி வாங்க மாட்டாங்கல்ல. ஐயையோ, என் மூட்டை—" அவள் புருஷன் அவள் வாயைப் பொத்தினான். என்னுடையது என்று எவன் சொன்னாலும் அவனுக்கு ஜெயில். தெரு முழுக்கத் தன் நெல்லைத் தனக்கே தெரியாதது போலக் கூரையைப் பார்த்தது, வானத்தைப் பார்த்தது.

அய்யாக்கண்ணு மூட்டைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். ஊர்ச் சொத்தெல்லாம் தன் தலையில். அதுவும் தன் வாயாலேயே! பொண்ணு வீட்டுக்காரர் என்று நினைத்து அளந்ததையெல்லாம் நெல் ஆபீசரிடம் அளந்திருக்கிறாரே! நெடுஞ்சாண்கிடையாக விழ நினைத்தார். விழ இடமில்லாததால் ஒரு மூட்டைமேல் குப்புற விழுந்தார்.

"ஆபீசரய்யா, காப்பாத்துங்க! இதுல ஒரு மணி கூட என்னுது இல்லீங்க!"

"இப்பத்தானே பூராவும் உங்களுதுன்னீங்க?"

"பொய்யிங்க. அத்தனையும் பொய்யி! ஊர் பூரா இரவல் வாங்கி அடுக்குனது."

"எதுக்கு?"

"பொண்ணு வூட்டுக்காரங்களை ஏமாத்தத்தாங்க!"

பென்சில் நின்றது. "ஏமாத்தவா?"

"வேற என்னங்க பண்ணச் சொல்றீங்க? பொண்ணுக்குச் சித்தப்பன்னு ஒருத்தன் இருக்கான். சரியான கறார்ப் பேர்வழி, பிசினாறி, குதிரைத் தட்டிப் பாக்காம பொண்ணு குடுக்க மாட்டான்னு தரகரே சொல்லிட்டாரு."

"தரகர் அப்படியா சொன்னாரு?"

"அவன் கண்ணுல மண்ணைத் தூவுறதுக்காகத்தான் இத்தனையும். உங்க கண்ணுல தூவணும்னு கனவுலயும் நினைக்கலீங்க!" அய்யாக்கண்ணுவுக்கு இனி நிறுத்தத் தெரியவில்லை. எவ்வளவுக்கெவ்வளவு ஏழையாகிறாரோ அவ்வளவுக்கவ்வளவு ஜெயில் தள்ளிப்போகும் என்று தோன்றிவிட்டது. "நாலு காணின்னு சொல்லியிருக்கோம். அதுல பாதி குத்தகை நிலம். கறவை மாடுன்னு கட்டியிருக்கோமே, அது மச்சினன் மாடு. பையன் மெட்ராஸ்ல எஞ்சினீயர்னு சொல்லியிருக்கோம். எஞ்சினீயருக்குப் பென்சில் சீவுறான் சாமி!"

"அப்பா!" என்று குழந்தைவேல் அலறினான்.

"சும்மா இருடா! ஆபீசர்கிட்டே பொய் சொல்லலாமா? சித்தப்பன்கிட்டதாண்டா பொய் சொல்லணும்!"

"ஆமாங்க" என்று பொன்னம்மாளும் கரண்டியோடு வந்து சேர்ந்துகொண்டாள். "இந்தக் கேசரிக்குச் சக்கரை கூட குஞ்சம்மா வூட்டுதுங்க."

குழந்தைவேல் மூட்டைகளுக்கு நடுவில் முண்டிக்கொண்டு வந்தான். கையில் இன்னும் அந்த மண்கூஜா. நாணல் ஒடிந்து தொங்கியது. அவன் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவான் போலிருந்தது.

"சார், நீங்க என்ன வேணா எழுதிக்கிங்க. ஆனா காலையில நீங்க பாத்தீங்களே, அந்த வெறும் வூடு, அது ஒண்ணுதான் நிஜம். அந்தப் பொண்ணுக்கு அப்படி ஒரு வூடுதான் புடிக்கும். அவ வாயால சொல்லி நான் கேட்டேன். அவளுக்காகத்தான் ராவும் பகலும் சுண்ணாம்பு அடிச்சேன். நீங்களே சொல்லுங்க சார், அந்தச் சித்தப்பா வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

ஆபீசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொள்ளவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் தெருவில் சலங்கைச் சத்தம் கேட்டது. மாட்டுவண்டி வந்து வாசலில் நின்றது. பட்டுப்புடவையும் வியர்வையுமாகப் பெண்கள் இறங்கினார்கள். எல்லாருக்கும் முன்னால், கையில் தாம்பூலத் தட்டோடு சிந்தாமணி என்கிற அம்மாள் பாதி திறந்த கதவுக்குள் தலையை நீட்டினாள். மூட்டைகளைப் பார்த்தாள். குப்புறக் கிடந்த அய்யாக்கண்ணுவைப் பார்த்தாள். மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, நெல்லு வேலையை முடிச்சுட்டு வர நேரமாகும்னு சொல்லிட்டு, எங்களுக்கு முன்னாடியே வந்து நம்ம லீலாவதிக்கு வூடு பாத்து முடிச்சுட்டீங்களா?"